கடைசிப் பேப்பருக்கு முந்தின நாள்

மறுநாள் கடைசிப் பேப்பர். படித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பிடித்துத் தேவிபட்டினம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள் அம்மா. கடலில் முங்கி எழுந்த பிறகுதான் பரீட்சை, அதுவரைக்கும் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். எந்த ஊரிலாவது இந்த அநியாயம் உண்டா?

காரணம் தவளை. ராமநாதபுரம் கல்லூரியில் நான் படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல். ஆசைப்பட்டு எடுத்ததில்லை. கெமிஸ்ட்ரி கேட்டேன், இடமில்லை, இதுதான் இருக்கிறது என்றார்கள். முதலில் கரப்பான்பூச்சி, அப்புறம் மண்புழு, அப்புறம் தவளை. தவளையை அறுத்த கதையை ஒரு நாள் வாய் தவறி வீட்டில் சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து அம்மா என்னைச் சோற்றுப் பானையைத் தொட விட்டதில்லை. "வாயில்லாச் சீவன மல்லாக்கப் போட்டு அறுத்திருக்கியேடி, இந்தப் பாவம் சும்மா விடுமா?" என்று ஒரே பாட்டு. தேவிபட்டினத்துக் கடலுக்குள் கல்லாக நிற்கிற நவபாஷாணத்தில் ஒன்பது கிரகத்தையும் சுற்றி, நவதானியம் போட்டுத் தலை முழுகினால் தோஷம் கழிந்துவிடுமாம். அதற்கு அவளுக்குக் கிடைத்த நல்ல நாள், என் பரீட்சைக்கு முந்தின நாள்.

"அம்மா, நாளைக்கு எனக்குப் பரீட்சை."

"அதுக்குத்தான்டி போறோம். பேசாம வா."

எங்கள் ஊர் புளியேந்தலிலிருந்து மங்கலம் போய், அங்கே பஸ் மாறி ராமநாதபுரம் போகிற வழியில்தான் தேவிபட்டினம். மூன்று வருடமாகத் தினமும் இந்த வழியாகத்தான் கல்லூரிக்குப் போய் வந்தேன். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன நாள்தான் அதிகம். அன்றைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. அந்தச் சித்திரை முழுக்கவே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்குப் பரீட்சை முடிந்துவிடும். நாளை மறுநாள் காலையில் எழுந்து பல் விளக்குவேன். அப்புறம்?

எனக்கு ஒரு வருடம் முந்திப் படித்தவள் முருகேஸ்வரி. முதல் வகுப்பில் தேறினாள் என்று மேடைக்குக் கூப்பிட்டுக் கை தட்டினார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். ஊரான் மார்க் ஷீட்டெல்லாம் அவள் கையால்தான் நகல் ஆகிறது. "உன் மார்க் ஷீட்ட நகல் எடுத்து வச்சிருக்கியா முருகேசு?" என்று கேட்டேன். "அத ஒருத்தரும் கேக்கலையே உமையா, எதுக்கு எடுக்கணும்?" என்று சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்காக மூன்று வருடமும் வீண் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு நாள் லேபில், அடைவைத்த முட்டையை மூன்றாம் நாளே உடைத்து, கருவை மட்டும் நறுக்கி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தோம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கால் இல்லை, இறக்கை இல்லை, கோழி என்று சொல்ல ஒன்றுமில்லை. இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த பிள்ளை முதுகில் இடிக்கிற வரைக்கும் நான் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் ஊரில் அடைக்கோழி இல்லாத வீடு கிடையாது, இதைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? இதற்கு என்ன மதிப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இதைச் சொல்லி வேலை கேட்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

தேவிபட்டினத்தில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. கடலுக்குள் அந்த ஒன்பது கல்லும் தலை காட்டிக்கொண்டு நின்றன. சுற்றிலும் கூட்டம். தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் கால் வைத்த இடமெல்லாம் சேறு, யாரோ அவிழ்த்துவிட்டுப் போன பழைய சேலை காலைச் சுற்றியது. அம்மா நவதானியப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் பாதியும் தன் கையில் பாதியும் வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு கல்லுக்கும் வேண்டிக்கிட்டுப் போடு. அவசரப்படாத."

நான் என்னத்தை வேண்ட? பரிணாமவியல் பேப்பருக்கு நவக்கிரகத்திடம் என்ன கேட்பது? பாஸாக்கு சாமி என்று மொட்டையாகச் சொல்லிப் போட்டேன். அம்மா அப்படி இல்லை. ஒவ்வொரு கல்லின் முன்னாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பின்னால் வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை. கடைசிக் கல்லில் அவள் கன்னத்தில் வழிந்தது கடல் தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை.

"என்னம்மா இப்படி வேண்டுற?"

"எல்லாம் உன் பரீட்சைக்குத்தான்டி."

இந்த மூன்று வருடத்தில் என்ன படிக்கிறாய் என்று அவள் ஒரு நாள் கேட்டதில்லை. விடிவதற்குள் எழுந்து சோறு கட்டிக் கொடுப்பாள், அதோடு சரி. இவ்வளவு ஆசையை நெஞ்சுக்குள் வைத்திருந்தாளே, நான்தான் அவளைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று உருகிப்போய், அவள் சொல்லாமலேயே இன்னும் இரண்டு முறை முங்கி எழுந்தேன்.

கரைக்கு வந்து ஈரம் மாற்றினோம். அம்மா பிரசாதம் வாங்கப் போனாள். நான் டீக்கடைக்குப் போனால், அங்கே சேதுராமன் மச்சான் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் பொன்னுச்சாமி மாமாவின் மகன். உப்பூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்கி விற்கிற குடும்பம். மச்சான் கரி லாரி ஓட்டுகிறார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பத்தாவதில் பெயில். ஆனால் ஆள் நல்ல ஆள், வம்புதும்புக்குப் போகமாட்டார்.

"என்ன புள்ள, சாமியெல்லாம் பலமாக் கும்பிட்ட மாதிரி இருக்கு. பாஸாகிருவியா, மாட்டியா? எனக்கு ஒரு முடிவச் சொல்லு."

"நான் பாஸானா உங்களுக்கென்ன, ஆகாட்டி உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? நல்லாருக்கே கத! என் கல்யாணமே உன் பேப்பர்லதான நிக்குது. கடவீதிக்குப் போனாப் போதும், 'ஏலே சேது, உன் கல்யாணம் யுனிவர்சிட்டி கையிலடா'ன்னு ஓட்டுறானுவ. கமுதியிலருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. உமையா ரிசல்ட்டு வரட்டும்னு எங்கய்யா திருப்பி அனுப்பிட்டாரு."

நான் விழித்தேன். அவர் கையில் இருந்த வடை அப்படியே நின்றது.

"ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"என்ன தெரியணும்?"

"போச்சுடா." வடையைக் காகிதத்தில் வைத்தார். "நீ பன்னெண்டாவது முடிச்சப்ப எங்கய்யா வெத்தல பாக்கோட உங்க வீட்டுக்கு வந்தாரு, எனக்கு உன்னையக் கேட்டு. உங்கய்யா என்ன சொன்னாரு தெரியுமா? 'பிள்ளையக் காலேஜுல சேக்கப்போறேன் மச்சான். அது டிகிரி முடிச்சிருச்சுன்னா பத்தாவது பெயிலான பயலுக்குக் குடுக்க முடியாது, ஊரு சிரிக்கும். முடிக்காமப் போச்சுன்னா உங்க பிள்ளைக்குத்தான், எனக்கு மறுபேச்சு இல்ல'ன்னாரு. எங்கய்யாவும் சரின்னுட்டு வந்துட்டாரு. பொட்டப்புள்ள எங்க முடிக்கப்போகுதுன்னு நெனச்சாரு போல."

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மகனுக்குத்தான் முதல் உரிமை. அவன் கேட்டுப் பெண் இல்லை என்று சொன்னால், அண்ணன் தங்கச்சி உறவே அறுந்துபோகும். நல்லது கெட்டதுக்குக்கூட வரமாட்டார்கள். ஒரே ஒரு சாக்குக்கு மட்டும் ஊர் தலையாட்டும். பெண் அதிகம் படித்துவிட்டாள், பையன் படிக்கவில்லை, பொருந்தாது. அப்படிச் சொன்னால் யாருக்கும் கோபமில்லை, யாருக்கும் அவமானமில்லை. இது எனக்கும் தெரிந்ததுதான். என் விஷயத்தில் அய்யா இதைத்தான் செய்திருக்கிறார் என்பதுதான் தெரியாது.

அய்யா என்னைக் கல்லூரியில் சேர்த்தபோது ஊரே ஆச்சரியப்பட்டது. வானம் பார்த்த பூமியில் மிளகாய் போட்டுப் பிழைக்கிற தவசி, பொட்டப்பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புகிறான் பார் என்றார்கள். நானும் பெருமையில் மிதந்தேன். என் அய்யா மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று கூட்டாளிகளிடம் பீற்றியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் அத்தனையும் ஒரு சாக்கு. மாமாவுக்கு நேரே நின்று இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லப் பயந்துகொண்டு, என்னை மூன்று வருடம் தவளை அறுக்க விட்டிருக்கிறார்.

"உங்களுக்கு என்னையக் கட்டணும்னு ஆசையா மச்சான்?" என்று கேட்டேவிட்டேன். அவர் கழுத்து சிவந்துபோனது.

"எனக்கு எதுன்னாலும் சரி புள்ள. இந்தா அந்தான்னு தொங்க விடாம, எதையாச்சும் ஒண்ணச் சொல்லுங்க."

அம்மா வருவதைப் பார்த்ததும் எழுந்து லாரிக்கு ஓடிவிட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கையில் அம்மா என் நெற்றியில் விபூதி பூச வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அம்மா, நீ என்னன்னு வேண்டுன?"

"சொல்லக் கூடாதுடி. பலிக்காது."

"சேது மச்சான் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. இப்பச் சொல்லு. என்னன்னு வேண்டுன?"

அம்மா கையிலிருந்த ஈரத் துண்டை முறுக்கினாள். ஏற்கெனவே பிழிந்த துண்டுதான். திரும்பத் திரும்ப முறுக்கினாள்.

"நீ பெயிலாப் போகணும்னு வேண்டுனேன்."

பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் இருந்தார்கள். இல்லையென்றால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. என்னைப் பெற்ற தாய் ஒன்பது கிரகத்தின் காலிலும் விழுந்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முறை, என் மகள் தோற்கட்டும் என்று கேட்டிருக்கிறாள். நானும் கூடவே நின்று தானியம் போட்டிருக்கிறேன்!

"நீயெல்லாம் ஒரு தாயா?"

"அடிக்கிறதுன்னா அடிச்சிருடி, அப்படிப் பேசாத." அம்மாவுக்குக் குரல் உடைந்தது. "எனக்கு இருக்கது ஒரே அண்ணன். ஆத்தாளும் அப்பனும் போன பொறகு தீவாளி பொங்கலுக்கு எனக்குன்னு ஒரு சேலை வருதுன்னா அவன் வீட்டுலருந்துதான் வருது. படிப்புச் சாக்கு ஊருக்குப் போதும், எங்கண்ணன் மனசுக்குப் போதுமா? உன்னைய அங்க குடுக்கலன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த வாசல மிதிப்பேன்? பொறந்த வீட்டுக்குப் போக வழியத்தவள ஊரு எப்படிப் பேசும்னு ஒனக்குத் தெரியுமா? நாளைக்கு நான் செத்துக் கெடந்தா எனக்குக் கோடித் துணி போட எவன் வருவான்?"

எங்கள் ஊரில் பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்துதான் பாடையைத் தூக்க வேண்டும். கோடி வராத சாவு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அம்மா அப்போது என் பக்கத்தில்தான் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே களத்துக்குப் போனேன். அய்யா மிளகாய் வற்றலைக் கிளறிக் காயவிட்டுக்கொண்டிருந்தார். நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே சண்டை போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"ஆமா தாயி, சொன்னேன். வேற எப்படிச் சொல்லச் சொல்ற? மச்சான் மூஞ்சிக்கு நேரா உன் மகன் வேணாம்னு சொல்லிர முடியுமா?"

"அவரு கெட்டவரா?"

"யாரு சொன்னா? தங்கமான பய. ஆனா கரி மூட்டத்துப் பொழப்பு என்ன பொழப்புன்னு எனக்குத் தெரியும். ராப்பகலா அந்தப் புகையில நின்னு தண்ணி சொமந்து ஊத்தணும். உங்காத்தா என் வீட்டுல சொமந்தது போதாதா? நீயும் சொமக்கணுமா?"

"இத ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டீங்களா அய்யா?"

"உனக்காகத்தானே ஆத்தா..."

"எனக்காகன்னா எங்கிட்டத்தான கேக்கணும்?"

அவர் மறுபடி வற்றலைக் கிளற ஆரம்பித்துவிட்டார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? பாஸானால் அய்யா ஜெயிப்பார், அம்மா பிறந்த வீட்டை இழப்பாள். பெயிலானால் அம்மா ஜெயிப்பாள், நான் கரி மூட்டத்துக்குப் போவேன். பேசாமல் பரீட்சைக்கே போகாமல் எங்காவது ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே ஓட? எனக்குத் தெரிந்த ஒரே பஸ் கல்லூரிக்குப் போகிற பஸ்தான்.

மறுநாள் அதிலேயே ஏறினேன். காலையில் அம்மா வழக்கம்போல் சோறு கட்டிக் கொடுத்தாள்.

கேள்வித்தாளைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த கேள்வி. அதுதான் கொடுமை. தெரியாமல் இருந்திருந்தால் விதியே என்று உட்கார்ந்திருக்கலாம். ஒரு பக்கம் எழுதினேன். அம்மாவின் முறுக்கிய துண்டு கண்ணில் வந்தது. பேனாவை மூடினேன். கரி மூட்டத்துப் புகை வந்தது. திறந்தேன். இன்னொரு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஒருத்தர் தோற்றுக்கொண்டிருப்பது போலிருந்தது. உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மேற்பார்வைக்கு நின்ற மேடம், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று வந்து கேட்டார்கள்.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அய்யா மேல் இல்லை, அம்மா மேலும் இல்லை. என் மேலேயே. நான் மாமா மகனைக் கட்டிக்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்பதை, முகம் தெரியாத எவரோ ஒருத்தர் சிவப்பு மையில் மார்க் போட்டுச் சொல்ல வேண்டுமா? எனக்கு வாய் இல்லையா? எல்லாரையும் குத்துகிற இந்த வாய், குத்த வேண்டிய இடத்தில் மட்டும் ஏன் ஊமையாகக் கிடக்கிறது? மாமா என்ன புலியா? சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவாடானைத் தேர் பார்க்கப் போன மனுஷன்தானே?

பேப்பரைக் கட்டிக் கொடுத்தேன். "இன்னும் நேரம் இருக்கேம்மா" என்றார்கள். இருக்கட்டும் என்று வெளியே வந்துவிட்டேன். கடைசி நாள் என்று பிள்ளைகள் ஒருத்தர் தாவணியில் ஒருத்தர் மை தெளிப்பார்கள், ஆட்டோகிராப் வாங்குவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள். எதற்கும் நான் நிற்கவில்லை.

ரோடு பிரிகிற உப்பூர் விலக்கில் இறங்கி மாமா வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் கருவேல மரம். மாமா முற்றத்தில் கரி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சோலையம்மாள் அத்தை சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தா வா! பரீட்ச முடிஞ்சதா? ஏய், பிள்ளைக்கு மோர் கொண்டா."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. மோர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், குடித்துவிட்டுச் சொல்ல என்னால் முடியாது.

"மாமா, நான் சேது மச்சானக் கட்டிக்கிற மாட்டேன்."

மூட்டையில் இருந்த கை அப்படியே நின்றது.

"அதுக்குத்தான ரிசல்ட்டு வரட்டும்னு..."

"ரிசல்ட்டு வேணாம் மாமா. நான் பெயிலானாலும் மாட்டேன். படிப்பு அவருக்குக் கொறச்சலுங்கிறதுக்காக இல்ல. எனக்கு அப்படி எண்ணம் இல்ல, அவ்வளவுதான். அய்யா டிகிரின்னு சொன்னதெல்லாம் சாக்கு. உங்ககிட்ட நேராச் சொல்லப் பயம். அம்மாவுக்கு எங்கிட்டயே சொல்லப் பயம். அவுக ரெண்டு பேரு மேலயும் கோவப்படாதீக. கோவப்படுறதுன்னா எம்மேல படுங்க."

"உங்காத்தாவுக்கு என்னத்துக்குப் பயம்?"

அங்கேதான் என் வாய் ஒரு படி அதிகமாகப் போய்விட்டது. நான் பெயிலாக வேண்டும் என்று அம்மா கடலில் நின்று வேண்டியதை, பிறந்த வீட்டு வழி அடைத்துவிடும் என்று அழுததை, செத்தால் கோடி போட ஆள் வராது என்றதை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா முகம் கறுத்தது. பக்கத்தில் கிடந்த மண்வெட்டியைக் காலால் ஓங்கித் தள்ளினார்.

"போ. மொதல்ல இங்கருந்து போ."

"மாமா..."

"போடீங்கறேன்ல!"

அத்தை மோர்ச் செம்போடு நடுவில் நின்றாள். நான் விலக்கு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியாது. பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், எல்லாரும் கௌரவமாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு உறவாகவே இருந்திருப்பார்கள். நான் ஒருத்தி போய் அம்மாவின் பிறந்த வீட்டை என் கையாலேயே இடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மங்கலத்தில் ஊர் பஸ்ஸுக்காக வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. புளியேந்தலில் இறங்கினால், எங்கள் வீட்டு முன்னால் கரி லாரி நிற்கிறது. தெருவில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் லாரிக்குள்ளேயே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மாமா வாசலில் நின்றார். நிலைப்படி ஏறவில்லை. கரி படிந்த சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அய்யா, "உள்ள வாங்க மச்சான், எதுன்னாலும் உள்ள வச்சுப் பேசுவோம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஓம் புருசனப் பேசாம இருக்கச் சொல்லு மீனா," என்றார் மாமா. "வேணாம் மச்சான்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு மாசம் கோவிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அப்பறம் நானே வந்திருப்பேன். மூணு வருசமா என்னையும் எம் மகனையும் பரீட்சைக்கு ஒக்கார வச்சவன்கிட்ட நான் பேச மாட்டேன்."

அய்யா தலையைத் தொங்கப் போட்டார். மாமா அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏன்டி, ஓம் மகளக் குடுத்தாத்தான் நீ எனக்குத் தங்கச்சியா? அப்படியா என்னைய நெனச்ச? நான் உசுரோட இருக்கையிலேயே உனக்குக் கோடி போட ஆளில்லன்னு கடல்ல போயி நின்னு அழுதியா?"

அம்மா ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, அண்ணே" என்பதைத் தவிர அவளுக்கு வேறு சொல் வரவில்லை. மாமா அவளைத் தூக்கவுமில்லை, தள்ளவுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தாகமா இருக்கு, தண்ணி கொண்டா" என்றார். அம்மா எழுந்து ஓடிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வந்த வேகத்தில் பாதி கீழே சிந்தியது. மாமா வெளியில் நின்றபடியே, அய்யாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மிச்சத்தை அண்ணாந்து குடித்தார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். இன்னும் கோபம் போகவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏய் டிகிரி, இங்கன வா."

போய் நின்றேன்.

"நல்லாக் கேட்டுக்க. நீ பெயிலாப் போயி எங்காலுல விழுந்தாலும் உன்னைய எம் மகனுக்குக் கட்ட மாட்டேன். கமுதிக்கு நாளைக்கே ஆள் விடுறேன். நீ பாஸானா என்ன, பெயிலானா என்ன? எனக்கும் ஒண்ணுமில்ல, உங்கய்யனுக்கும் ஒண்ணுமில்ல, உங்காத்தாவுக்கும் ஒண்ணுமில்ல. இனி அது ஓம்பாடு."

சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். மச்சான் கிளப்பிக்கொண்டு போனார். அம்மா தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனாள். அய்யா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இனி என் பாடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி இரண்டு கேள்வியை எழுதாமல், தெரிந்த கேள்வியை எழுதாமல், பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன். புத்தகத்தை எடுத்து, எழுதினதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பாஸாகிவிட வேண்டுமே என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக எனக்குப் பயம் வந்தது.